இலங்கையின் வடக்கு கிழக்கில் செய்தியாளராக இறங்கும் பிள்ளைகளுக்கு

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். செய்திக் குறிப்பு எழுதும் கொப்பி எப்படியும் கையில் இருக்கும், இது வேறு. எந்த இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது, எத்தனை மணிக்கு, பேசியவர் தன்னை யாரென்று சொன்னார், என்ன சொல்லி மிரட்டினார், படலையடியில் வந்து நின்ற மோட்டார் சைக்கிளின் இலக்கம் என்ன என்பதையெல்லாம் திகதி போட்டு எழுதுவதற்கான கொப்பி. எழுதிய பக்கத்தை அன்றே படமெடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். நான் இங்கே சொல்லப்போகும் மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

மயில்வாகனம் நிமலராஜன் பிபிசிக்கும் வீரகேசரிக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி கொடுத்தவர். 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், இராணுவக் காவலரண்கள் சூழ்ந்த பகுதியில் இருந்த அவருடைய வீட்டுக்கு ஆயுததாரிகள் வந்தார்கள். ஜன்னலோரம் எழுதிக்கொண்டிருந்தவரைச் சுட்டார்கள். கைக்குண்டும் வீசினார்கள், தாயும் தகப்பனும் சிறுவனான மருமகனும் காயப்பட்டார்கள். அந்த மாதம் நடந்த பொதுத்தேர்தலின் மோசடிகளை அவர் வெளியே கொண்டுவந்திருந்தார். ஊரடங்குக்குள் ஆயுதத்தோடு வந்து போக யாரால் முடியும் என்று அன்று கேட்காத ஆளில்லை. இன்றுவரை இலங்கையில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் 2022 பெப்ரவரியில் லண்டன் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவு, இந்தக் கொலை தொடர்பாகப் பிரிட்டனில் ஒருவரைக் கைதுசெய்து விசாரித்தது. 21 வருடம் கழித்து! அப்படி ஒரு நாள் யாராவது வந்து “அந்தக் கிழமை என்ன நடந்தது?” என்று கேட்டால், திகதியும் நேரமும் ஞாபகத்தில் நிற்காது. கொப்பியில் நிற்கும்.

எந்தச் செய்தி ஆளைத் தேடி வரும்

புதிதாக வருபவர்கள் பலர், அரசாங்கத்தைத் திட்டி எழுதினால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரையில், திட்டியவனைவிட அத்தாட்சி வைத்திருந்தவனுக்குத்தான் ஆபத்து கூட.

திருகோணமலையில் 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்துச் செத்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுடர் ஒளியின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் உடல்களைப் படமெடுத்தார். தலையில் சூட்டுக் காயம் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் படங்கள் வெளிவந்ததோடு குண்டுக் கதை முடிந்தது. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஏறத்தாழ மூன்று கிழமை இடைவெளி. அவர் வாதம் எதுவும் செய்யவில்லை. படம் எடுத்தார், அவ்வளவுதான்.

இன்றைக்கு உங்கள் பகுதியில் இப்படி ஆளைத் தேடி வரக்கூடியவை எவை என்று நீங்களே பட்டியல் போட்டு வையுங்கள். என்னுடைய பட்டியல் இது: படையினர் பிடித்து வைத்திருக்கும் காணி, தொல்லியல் என்ற பெயரில் வரும் காணிப் பிரச்சினை, மணல் கடத்தல், மரக் கடத்தல், போதைப்பொருள், மனிதப் புதைகுழி, காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் நடத்தும் போராட்டம், மே 18 (முள்ளிவாய்க்கால் நினைவு நாள்), நவம்பர் 27 (மாவீரர் நாள்). இவற்றில் மணலையும் மரத்தையும் சாதாரணமாக எண்ணாதீர்கள். 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவில் மரக் கடத்தலைப் பதிவுசெய்யப் போன இரண்டு ஊடகவியலாளர்களைப் பிடித்து அடித்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆபத்து ஒரு பக்கத்திலிருந்துதான் வரும் என்று எண்ணாதீர்கள். 2005 ஓகஸ்டில் கொழும்பில் ஒலிபரப்பாளர் ரேலங்கி செல்வராஜாவும் கணவரும் சுட்டுக்கொல்லப்பட்டபோது சந்தேகம் புலிகள் மீது விழுந்தது. எங்கள் ஆட்கள் என்று நாங்கள் நினைப்பவர்களைப் பற்றி எழுதும்போதும் இந்தக் கட்டுரையில் உள்ள அத்தனை கவனமும் வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பிராந்தியச் செய்தியாளர் பெரும்பாலும் செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர். நியமனக் கடிதம் இருக்காது. பிரச்சினை வரும் நாளில் “அவர் எங்கள் ஊழியர் அல்ல” என்று சொல்லிவிட நிறுவனத்துக்கு இது வசதி. ஆகவே முதல் செய்தி அனுப்புமுன்பே கடிதம் கேளுங்கள். இரண்டு வரி போதும்: இவர் எங்கள் இன்ன பகுதிச் செய்தியாளர், பொறுப்பாசிரியர் இன்னார், தொலைபேசி இலக்கம் இது. ஊடக அடையாள அட்டை அரசாங்கத் தகவல் திணைக்களத்துடையதும் நிறுவனத்துடையதும் இருந்தால் நல்லது. இருந்தாலும் அட்டை கேடயம் இல்லை. அடிக்க வருபவன் முதலில் பறிப்பதே அட்டையையும் போனையும்தான். அட்டையின் படம் வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கட்டும்.

செய்தி தந்தவரை எப்படிக் காப்பது

இதைப் பற்றிச் சற்று நீளமாகச் சொல்கிறேன். இதில் நான் ஒரு பிழை விட்டவன்.

பல வருடத்துக்கு முன் ஒரு அரச அலுவலகத்தில் வேலை செய்த ஒருவர் காணி தொடர்பான கடிதம் ஒன்றின் பிரதியை என்னிடம் தந்தார். பெயர் வெளியே வரக்கூடாது என்றார். நான் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கடிதத்தை அப்படியே படமெடுத்துச் செய்தியோடு அனுப்பிவிட்டேன். அந்தத் தாளின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. அந்த அலுவலகத்தின் ஒரு பிரிவில் இருந்த பிரதி எடுக்கும் மெசினில்தான் அந்தக் கோடு விழும் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்கெல்லாம் தெரியும். இரண்டு நாளில் ஆளைக் கண்டுபிடித்தார்கள். மூன்று பிள்ளைகளின் தகப்பனைத் தூர மாவட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. பிறகு வழியில் கண்டபோதும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட ஒழுங்குகளைச் சொல்கிறேன். யாராவது தந்த தாளை ஒருபோதும் அப்படியே வெளியிடுவதில்லை. உள்ளடக்கத்தை எழுதுவேன், அல்லது புதிதாகத் தட்டச்சுச் செய்வேன். பிறகு அந்தத் தாளை எத்தனை பேர் பார்த்திருக்க முடியும் என்று எண்ணுவேன். மூன்று பேருக்குக் குறைவென்றால் வேறு வழியில் அதே தகவலை எடுக்கப் பார்ப்பேன். இதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பெரிய உதவி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தாமதமாகும், உண்மைதான். ஆனால் அந்தத் தாள் வந்த வழி உங்கள் பெயரில் இருக்கும்; உள்ளே இருந்த ஒரு ஏழை எழுதுவினைஞரின் தலையில் விழாது.

செய்தி தருபவரைச் சந்திக்கப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அணைத்துச் சட்டைப்பையில் வைத்தால் போதாது. இருவருடைய போனும் ஒரே நேரத்தில் ஒரே போன் கோபுரத்தடியில் இருந்ததே சிலருக்குப் போதுமான தடயம். அவருடைய பெயரை உங்கள் போனில் உண்மைப் பெயராகச் சேமிக்காதீர்கள். செய்தியில் “பெயர் குறிப்பிட விரும்பாத இன்ன அலுவலக உத்தியோகத்தர்” என்று எழுதுவது பெயரை எழுதுவதற்குச் சமம். அந்த அலுவலகத்தில் ஆறு பேர்தான் இருப்பார்கள்.

போன்

சுருக்கமாகச் சொல்கிறேன். விரலடையாளத்தையும் முகத்தையும் எடுத்துவிட்டு, ஆறு இலக்கத்துக்குக் குறையாத கடவுக்குறி போடுங்கள். கையைப் பிடித்து விரலை வைக்க முடியும், தலைக்குள் இருக்கும் இலக்கத்தை அப்படி எடுக்க முடியாது. முக்கியமானவர்களோடு சிக்னல் செயலியில் பேசுங்கள், செய்திகள் தானாக அழியும்படி வையுங்கள். வட்ஸ்அப், மின்னஞ்சல், பேஸ்புக் மூன்றுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். படம் எடுத்த உடனே வெளியே அனுப்பிவிட்டு, கமராவிலிருந்தும் போனிலிருந்தும் எடுத்துவிடுங்கள். படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கும். சாட்சியத்துக்கு அது வேண்டும், ஆகவே மூலப் படத்தை அப்படியே ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். பிரசுரத்துக்குக் கொடுக்கும் பிரதியில் நீக்கிவிடுங்கள்.

களத்துக்குப் போகும்போது

தனியே போகாதீர்கள். போட்டிப் பத்திரிகைக்காரன் என்றாலும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் பகுதியில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: இப்படியான இடத்துக்குப் போகிறவர் புறப்படும்போது ஒருவருக்குச் சொல்வார், திரும்பியதும் “வீட்ட வந்திட்டன்” என்று ஒரு வரி போடுவார். சொன்ன நேரத்தில் அந்த வரி வராவிட்டால் மற்றவர் தேடத் தொடங்குவார். இந்த ஒழுங்கைக் கூச்சப்படாமல் தொடங்குங்கள். ‘இதுக்கெல்லாமா?’ என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள், சிரிக்கட்டும்.

போராட்டத்தில் நடுவில் நிற்காதீர்கள். ஓரத்தில், திரும்பிப் போகும் வழி தெரிந்த பக்கத்தில் நில்லுங்கள். மோட்டார் சைக்கிளை வெளியேறும் திசை பார்த்து நிறுத்துங்கள். ஒரே வீதியால் ஒரே நேரத்துக்குத் தினமும் வீடு திரும்பாதீர்கள். 2011 ஜூலையில் உதயன் ஆசிரியர் குகநாதனை இரும்புக் கம்பியால் அடித்தது, இரவு வேலை முடிந்து அவர் வீட்டுக்கு நடந்து போகும்போதுதான்.

“ஒருக்கா வந்திட்டுப் போங்கோ”

வெள்ளை வானில் ஆட்களைக் கடத்திய காலத்தை நீங்கள் கதையாகத்தான் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு வரப்போவது பெரும்பாலும் ஒரு போன் அழைப்பு. குரல் மரியாதையாகவே இருக்கும். “தம்பி, பயப்பிட ஒண்டுமில்லை. நாளைக்குப் பத்து மணிக்கு ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. சின்ன விளக்கம் ஒண்டு எடுக்கத்தான்.”

இதற்குக் கோபப்படவும் வேண்டாம், குழையவும் வேண்டாம். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “வாறன் ஐயா. உங்கட பெயர், பதவி, எந்தப் பிரிவு எண்டு சொல்லுங்கோ. எந்த முறைப்பாடு தொடர்பா எண்டு எழுத்தில ஒரு அழைப்பு அனுப்புங்கோ. சட்டத்தரணியோட வாறன்.” சொல்லி முடித்ததும் கொப்பியை எடுங்கள். பிறகு ஆசிரியருக்கும், உங்கள் பகுதிச் செய்தியாளர்களின் ஊடக அமையத்துக்கும், சட்டத்தரணிக்கும் அறிவியுங்கள். சட்டத்தரணியை அன்றைக்குத் தேடக்கூடாது. இன்றைக்கே ஒருவரைப் போய்ச் சந்தித்து, அவருடைய இலக்கத்தை மனப்பாடம் செய்து வையுங்கள். போனைப் பறித்த பிறகு ஒரு இலக்கமும் நினைவுக்கு வராமல் தவித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இந்த அழைப்புகள் பழைய கதை அல்ல. யாழ்ப்பாணம் செம்மணி மனிதப் புதைகுழி அகழ்வைத் தொடர்ந்து படமெடுத்துவந்த முல்லைத்தீவு ஊடகவியலாளர் ஒருவரைப் பயங்கரவாதத் தடுப்பு விசாரணைப் பிரிவு 2025 ஓகஸ்டில் அழைத்து விசாரித்தது.

எழுத்தில் அழைப்பு வந்தால் போங்கள். போகாமல் இருப்பது அவர்களுக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கும். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி உங்கள் சார்பில் தோன்றுவதற்கு 2012ஆம் ஆண்டின் விதிகள் இடம் தருகின்றன. வெளியே ஒரு நண்பர் நிற்கட்டும். உள்ளே போன நேரமும் வந்த நேரமும் எழுதட்டும். வேறு போன் கொண்டு போகலாம் என்றால் அதைக் கொண்டு போங்கள். திறந்து காட்டச் சொன்னால் நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். பலவந்தமாக எடுத்தால் மல்லுக்கட்டாதீர்கள். பற்றுச்சீட்டு கேளுங்கள், எடுத்தவர் பெயரைக் குறியுங்கள். பிரசுரமான செய்தியைப் பற்றிக் கேட்டால் அது ஆசிரியபீடத்தின் பொறுப்பு என்று சொல்லலாம். யார் தந்தது என்று கேட்டால், அதைச் சொல்லத் தொழில் ஒழுக்கம் இடம்தராது என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். பொய் சொல்லாதீர்கள். ஒரு பொய்யைப் பிடித்தால் நீங்கள் சொன்ன உண்மையெல்லாம் போய்விடும்.

கடைசியில் தாளைத் தள்ளுவார்கள், கையொப்பத்துக்கு. சிங்களத்தில் எழுதியிருந்து உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் கையொப்பம் வைக்காதீர்கள். பசி, களைப்பு, வெளியே இருட்டு, வீட்டில் அம்மா பார்த்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து “வைச்சிட்டுப் போவம்” என்று தோன்றும். அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். சட்டத்தரணி வாசிக்கும்வரை இருங்கள்.

இதில் விடாப்பிடியாக நிற்கச் சொல்வதற்குக் காரணம் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979இல் வந்த இந்தச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ பெற்ற குற்ற ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சாட்சியமாகச் செல்லும். சாதாரணக் கைதில் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். இந்தச் சட்டத்தில் அது 72 மணி நேரம். அதற்கு மேல் பாதுகாப்பு அமைச்சரின் தடுப்புக்காவல் உத்தரவில் மூன்று மூன்று மாதமாக 18 மாதம்வரை நீட்டலாம் என்றிருந்தது. 2022 திருத்தம் அதை 12 மாதமாக்கியது. ஊடகவியலாளர் ஜே.எஸ். திசைநாயகத்தை 2008 மார்ச்சில் பிடித்தார்கள். நோர்த் ஈஸ்டர்ன் மன்த்லி சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைகளும், சஞ்சிகைக்காகப் பணம் சேர்த்ததும்தான் குற்றம். அச்சுறுத்திப் பெறப்பட்டது என்று அவர் தரப்பு எதிர்த்த வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்றது. 2009 ஓகஸ்ட் 31இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 20 வருடக் கடூழியச் சிறை விதித்தது. உலகம் முழுவதிலிருந்தும் குரல் எழுந்த பிறகு 2010இல் மன்னிப்பு கிடைத்தது. இரண்டு கட்டுரைக்கு இருபது வருடம் என்று நாங்கள் அன்று பேசிக்கொண்டோம்.

வேறு சட்டங்களும் உண்டு. குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால் சிவில், அரசியல் உரிமைகளைக் காக்க வந்த 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவை எழுத்தாளர்களைப் பிடிக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் “பொய்யான கூற்று” என்று சொல்லி இணையப் பதிவுகளுக்கு எதிராக வரலாம். பேஸ்புக்கில் போடும் ஒரு வரிக்கும் பத்திரிகைச் செய்திக்கு வைக்கும் அத்தனை ஆதாரத்தையும் வையுங்கள்.

ஒருவரைக் கொண்டுபோய்விட்டால்

முதல் சில மணி நேரம்தான் பெரிது. தராகி என்ற புனைபெயரில் நாங்கள் அறிந்த ஊடகவியலாளர் சிவராமை 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் அவருடைய உடல் நாடாளுமன்றத்துக்கு அருகே உயர் பாதுகாப்புப் பகுதியில் கிடந்தது. பத்திரிகையாளர் கீத் நொயாரை 2008 மே மாதம் கடத்தியபோது, அன்று இரவே நண்பர்களும் ஆசிரியரும் எட்டக்கூடிய உயர்மட்டத்தையெல்லாம் எட்டினார்கள். கொடூரமாக அடித்திருந்தாலும், விடியுமுன் உயிரோடு விட்டார்கள். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

முதலில் கிட்டிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போட்டு இலக்கத்தை வாங்குங்கள். பொலிஸ்தான் கொண்டுபோனது என்று தெரிந்தாலும் போடுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கட்டும். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனையில் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது என்றால் 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது கைதுசெய்தவரின் கடமை. பிறகு நியூயோர்க்கில் உள்ள ஊடகவியலாளர் பாதுகாப்புக் குழு, பாரிஸில் உள்ள எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பு ஆகியவற்றுக்குப் பெயர், திகதி, இடம், கடைசியாகக் கண்டவர் என்று நாலு வரி அனுப்புங்கள். நீண்ட கடிதம் பிறகு எழுதலாம். அடிப்படை உரிமை மீறல் மனுவை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. இந்த ஒரு மாதத்தைப் பலர் பயத்திலும் அலைச்சலிலும் தவறவிட்டிருக்கிறார்கள்.

ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24இல் காணாமல் போனார். அவருடைய மனைவி சந்தியா பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் ஏறி இறங்கியிராவிட்டால் அந்தக் கோப்பு என்றோ மூடப்பட்டிருக்கும். 2007 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் காணாமல் போன எங்கள் செய்தியாளர் இராமச்சந்திரனுக்கு அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை.

வீட்டாருக்கு

இதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுவார்கள். இன்று இரவே ஒரு தாளில் எழுதுங்கள்: சட்டத்தரணியின் இலக்கம், ஆசிரியரின் இலக்கம், ஊடக அமையத்தின் இலக்கம், ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம், நீங்கள் தினமும் எடுக்கும் மருந்து, உங்கள் அடையாள அட்டை இலக்கம். போனில் வைத்தால் உதவாது, போன்தான் முதலில் போகும். அம்மாவிடமோ மனைவியிடமோ கணவரிடமோ இருத்திச் சொல்லுங்கள்: யாராவது வந்து கேட்டால் முதலில் அவர்களின் பெயரையும் அடையாள அட்டையையும் கேட்க வேண்டும், வாகன இலக்கத்தைப் பார்க்க வேண்டும், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று உரத்துக் கேட்க வேண்டும், அயலவர்களுக்குக் கேட்கும்படி கத்தவும் வெட்கப்படக்கூடாது. எங்கள் அம்மாவுக்கு நான் இதைச் சொன்னபோது ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலையில் பார்த்தேன்: அந்தத் தாளைத் தன் பெரிய எழுத்தில் திருப்பி எழுதி, சாமித்தட்டில், விளக்குக்குப் பின்னால், எண்ணெய் படாமல் பொலித்தீனுக்குள் போட்டு வைத்திருந்தார்.